மணலிலிருந்து தொடங்கு

திருக்காட்டுப்பள்ளி,
ஆனி 6

அன்புள்ள பாப்பா,

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பேச்சில் எல்லாம் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறக்கிக் குப்பை அள்ள வைக்கலாம் என்கிறாய். தலைமை ஆசிரியர் ஊர்வலமும் மரக்கன்றும் போதும் என்கிறார். எது சரி என்று கேட்டாய். முடிவு உன்னுடையது, வகுப்பெடுப்பவள் நீதான். ஆனால் ஆடியில் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்க வேண்டாம். மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் வந்துவிட்டது. மேலே பார்த்தால் அமைதியாகத்தான் ஓடும். மணல் லாரி இறங்கி அள்ளிய பள்ளம் அடியில் எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இடுப்பளவுதான் என்று ஊரே நம்பிய துறையில்தான் நம் வீட்டுப் பிள்ளை போனான். உன் அப்பா இன்றைக்கும் அந்தப் படித்துறைப் பக்கம் போவதில்லை.

அந்த வருஷம் நானும் ஊர்ப் பெரியவர்களும் மணல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி மனு மேல் மனுவாகக் கொடுத்தோம். பதில் வரவில்லை, லாரிதான் வந்தது. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறு என்றால் தண்ணீர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். முதலில் மணலைச் சொல்லிக் கொடு. மணல் போனால் தண்ணீர் வந்தும் பிரயோசனம் இல்லை. ஆற்றுப் படுகை இறங்கிவிட்டால் வாய்க்காலின் தலைமதகு மேலே நின்றுவிடுகிறது. ஆறு நிறைய ஓடினால்தான் வாய்க்காலுக்குள் தண்ணீர் ஏறும். கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்து நிற்பது இதனாலும்தான். கரையோரக் கிணறுகளும் படுகையோடு சேர்ந்து இறங்குகின்றன. அள்ளினால் வெள்ளம் மறுபடி கொண்டுவந்து போடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேட்டூர் அணை முடிந்தது 1934-ல். மேலேயிருந்து வரும் மண்ணில் பெரும்பங்கு அன்றிலிருந்து அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரு நாளில் அள்ளியதை நிரப்ப ஆற்றுக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று அவர்களையே யோசிக்கச் சொல்.

கல்லணைக்குச் சுற்றுலா கூட்டிப் போனால் கரிகாலன் சிலையோடு திரும்பிவிடாதே. பாறை கிடைக்காத மணல் ஆற்றில், பெரிய பெரிய கற்களைப் போட்டு அவை மணலில் அமிழ்ந்து நிலைத்த பிறகு அதன்மேல் கட்டிய அணை அது. பொறியாளர் ஆர்தர் காட்டன் அதைப் பார்த்துத்தான் மணலில் அடித்தளம் போடக் கற்றுக்கொண்டு, 1836-ல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். அந்த மேலணையின் மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்தன. மணல் எடுத்ததுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள், அரசு இல்லை என்றது. இரண்டையும் பிள்ளைகளிடம் சொல். எனக்கு எது நியாயமாகப் படுகிறது என்று உனக்குத் தெரியும்.

நான் சொல்வது இதுதான். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம். மாசி, பங்குனியில் ஆறு வற்றும். அப்போது பெற்றோர் இருவர் மூவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போ. பள்ளம் இல்லாத இடமாக முந்தின நாளே நீ நடந்து பார்த்துவிடு. மணலில் ஆளுக்கொரு ஊற்று தோண்டச் சொல். முதலில் கலங்கல்தான் வரும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், பக்கத்து மணல் மெதுவாகச் சரியும், அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறும். எத்தனை சாண் ஆழத்தில் வந்தது என்று நோட்டில் எழுதட்டும். பதினைந்து நாள் கழித்து மறுபடி அளக்கட்டும். பாட்டி காலத்தில் எத்தனை சாணில் வந்தது என்று வீட்டில் கேட்டு அதையும் பக்கத்தில் எழுதட்டும். மணலுக்குள் புதையும் ஆரால் மீனையும், வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டியையும் அங்கேதான் காட்ட முடியும். பாலத்துத் தூணின் அடியில் மணல் இருந்த மட்டம் கறையாகத் தெரியும். அதையும் காட்டு. இந்தக் கணக்கைக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பலாம். 1993 முதல் நடக்கிறது, உள்ளூர் ஆய்வுதான் அவர்கள் கேட்பது.

சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடம் வந்தது, பரீட்சை வந்தது, ஆற்றங்கரைக்குத்தான் யாரும் போகவில்லை. ஊர்வலம் போகட்டும், தலைமை ஆசிரியர் மனமும் கோண வேண்டாம். ஆனால் தட்டி பிடித்த பிள்ளைக்கு அது அன்றைக்கே மறந்துவிடும். ஊற்றின் ஆழத்தை அளந்த பிள்ளை, நாளைக்குப் பதவியில் உட்கார்ந்தால் மணல் லாரிக்குக் கையெழுத்துப் போட யோசிக்கும்.

நிறையச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. சம்பளத்துக்கு வந்தோம், மணி அடித்தால் போனோம் என்று இருக்காமல், லீவு நாளில்கூடப் பிள்ளைகளைப் பற்றியே நினைக்கிறாயே, அதற்கே உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம். நம் குடும்பத்தில் உன்னை மாதிரி ஒரு வாத்தியார் இதுவரை வந்ததில்லை. நீ எப்படிச் செய்தாலும் நன்றாகத்தான் செய்வாய். ஆடிப்பெருக்குக்கு அவசியம் வந்துவிடு. பெரியம்மா சித்திரான்னம் செய்து வைப்பாள், படியில் உட்கார்ந்தே ஆற்றைப் பார்க்கலாம். பிள்ளைகளின் நோட்டுக்குப் பணம் என் பொறுப்பு, மறுக்கக் கூடாது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் பெரியப்பா