ஒளி போடும் கணக்கு

இன்றைய கணிப்பொறி நொடிப்பொழுதில் கோடானுகோடிக் கணக்குகளை முடிக்கிறது. அதனையும் திணற வைக்கும் கணக்கொன்றை ஒளியும் கண்ணாடிகளும் செய்துவிடுமா? செய்யும் என்கின்றனர் இயற்பியலார். அது எவ்வாறு எனக் காண்போம்.

அ, ஆ மேல் நிரையிலும் இ, ஈ கீழ் நிரையிலும் அமைந்த அணிக்கோவையின் மதிப்பு அஈ − ஆஇ என்பது நாம் அறிந்ததே. கழித்தற்குறியைக் கூட்டற்குறியாக மாற்றினால் கிடைப்பது ‘பெர்மனன்ட்’. அணிக்கோவை எவ்வளவு பெரிதாயினும் நிரைகளைச் சுருக்கி மதிப்புக் காணலாம். பெர்மனன்டுக்கு அக்குறுக்குவழி பயன்படாது. 1979இல் வேலியன்ட் என்பார் அதன் கடுமையை நிறுவினார்.

இனி ஒளிக்கு வருவோம். ஒளித்துகள்களாகிய ஃபோட்டான்கள், 1924இல் டாக்காவில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ் வகுத்த புள்ளியியலுக்கு அடங்குவதால் போசான்கள் எனப்படுகின்றன. ஒளியில் பாதியை விட்டுப் பாதியை எதிரொளிக்கும் கண்ணாடியின் இருபுறமும், வேறுபாடற்ற இரு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், அவை பிரிந்து செல்வதில்லை. சேர்ந்தே ஒரு பக்கம் வெளியேறுகின்றன. 1987இல் ஹாங், ஊ, மாண்டல் ஆகியோர் இதனைச் சோதனையில் காட்டினர். காரணம் என்ன? அக்கண்ணாடிக்குரிய அணியில் நான்கு உறுப்புகளும் அளவில் சமம். ஒன்றின் குறி மட்டும் கழித்தல். ஆகவே அதன் பெர்மனன்ட் சுழி. பிரிந்து செல்லும் நிகழ்தகவும் சுழி!

ஃபோட்டான்களும் கண்ணாடிகளும் பெருகினால், ஒவ்வொரு விளைவின் நிகழ்தகவிலும் ஒரு பெரிய பெர்மனன்ட் மறைந்திருக்கும். கருவி அதன் மதிப்பைச் சொல்லாது. அந்நிகழ்தகவின்படி விழும் மாதிரிகளையே தரும். கணிப்பொறிக்கு அதுவே அரிது என 2011இல் ஆரன்சனும் அர்க்கிபோவும் எடுத்துரைத்தனர். 2020இல் சீனாவின் ஹஃபெய் நகரில் பான் ஜியன்வெய் குழுவினர், இம்முறையின் ஒரு வகையை ‘ஜியுஜாங்’ என்னும் கருவியில் நடத்தி, 100 வழிகளில் 76 ஃபோட்டான்கள் வரை கண்டறிந்தனர். 200 நொடியில் கிடைத்த மாதிரிகளைத் தருவதற்கு அன்றைய சீன மீக்கணிப்பொறி ஒன்றுக்கு 250 கோடி ஆண்டுகள் ஆகும் என மதிப்பிட்டனர்.

இங்கேதான் ஐயம் எழுகிறது. எவராலும் போட முடியாத கணக்கின் விடையைத் திருத்துவது எப்படி? சிறிய அளவில் கணக்கிட்டு ஒப்பிடலாம். பெரிய அளவில் மறைமுகச் சான்றுகளே உண்டு. மேலும், கருவியில் ஃபோட்டான்கள் பல இடைவழியில் தொலைகின்றன. அவ்விழப்பையே துணையாகக் கொண்டு, இத்தகைய சோதனைகளின் மாதிரிகளைச் சாதாரணக் கணிப்பொறித் தொகுதியாலும் உருவாக்கலாம் என 2024இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் போல்டர் நகரில், மிகு குளிர்நிலையில் வைத்த 180 ஸ்ட்ரான்சியம் அணுக்கள் வரை கொண்டு இவ்வகைச் சோதனை நடந்தது. அவ்வணுக்களும் போசான்களே, ஆயினும் ஃபோட்டான்களைப்போல் எளிதில் தொலைவதில்லை.

ஒருவர் கூற்றை மற்றவர் சோதிக்க, அதனால் கருவியும் கணிதமும் ஒருங்கே வளர்கின்றன. நம் ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை மும்முறை எடுக்கச் சொல்வதன் பொருளும் இதுவேயாகும்.