சுவருக்குள் ஒளிந்திருக்கும் பூசணம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு, நெடுநாள் திறக்காத பீரோ ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? குப்பென்று ஒரு வாடை அடிக்கும். உள்ளே தோல் செருப்பின் மீதோ பழைய புத்தகத்தின் அட்டை மீதோ சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் பூசணம் பூத்திருக்கும். எங்கள் கல்லூரியில் ஓர் ஆண்டு நுண்ணோக்கிகளை மழைக்காலம் முழுவதும் மர அலமாரியில் பூட்டி வைத்துவிட்டோம். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தை மாற்ற மறந்தவன் நான்தான். ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் லென்சுகளின் மேல் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள்! "சார், பூசணம் கண்ணாடியைக்கூடத் தின்னுமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். தின்னாது. லென்சின் மேல் படிந்த தூசியும் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குமே அதற்குப் போதிய உணவு. ஆனால் அது வெளிவிடும் அமிலம் கண்ணாடியை மெல்ல அரித்துவிடும்.

இது கண்ணுக்குத் தெரிந்த பூசணம். வாடை மட்டும் வருகிறது, பூசணம் எங்கும் தென்படவில்லை என்றால் என்ன செய்வது? வட அமெரிக்காவில் இது பெரிய பிரச்சினை. அங்கே வீடுகளின் சுவர் பெரும்பாலும் செங்கல்லால் ஆனதன்று. மரச்சட்டங்களை நிறுத்தி, உட்புறம் ஜிப்சம் பலகையை அடித்திருப்பார்கள். சுவரின் நடுவே இடைவெளி இருக்கும். நீர்க்குழாய்கள் பல அதன் வழியாகவே ஓடும். ஜிப்சம் பலகையின் இரு முகங்களிலும் காகிதம் ஒட்டியிருக்கும். காகிதம் என்பது செல்லுலோஸ். பூசணத்துக்கு அது விருந்து. குழாயில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் போதும், வண்ணம் பூசிய சுவர் வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே பலகையின் பின்முகம் கறுத்துப் போயிருக்கும். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே தொழில்முறைப் பரிசோதகர்கள் அங்கே இருக்கிறார்கள். நம் ஊர்ச் செங்கல் சுவரில் அத்தகைய இடைவெளி கிடையாது. ஆயினும் ஜிப்சம் பலகையால் செய்த பொய்க்கூரை, சுவரோடு ஒட்டி அடித்த பிளைவுட் அலமாரி ஆகியவை இங்கும் பெருகிவிட்டன. ஆகவே அவர்கள் செய்யும் சோதனையின் இயற்பியலை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

நல்ல பரிசோதகர் முதலில் தேடுவது பூசணத்தை அன்று, தண்ணீரை. காரணம் எளிது. பூசணத்தின் ஸ்போர்கள், அதாவது அதன் வித்துகள், எந்த வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் சிலவற்றைச் சுவாசிக்கிறீர்கள். உணவும் வீட்டில் ஏராளம்: தூசி, மரம், காகிதம், பசை. குறைவது நீர் ஒன்றுதான். அது கிடைத்த இடத்தில் வித்து முளைக்கிறது.

அந்த நீர் குழாயிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. குளிர்நாட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறையின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 8.6 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் அதிகபட்சம் 17.3 கிராம் இருக்கலாம், அதனால் பாதி. இந்தக் காற்றின் பனிநிலை சுமார் 9 டிகிரி. சுவரின் மூலை 9 டிகிரிக்குக் குளிர்ந்தால் அங்கே நீர்த்துளி படியும் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் பூசணம் துளி படியும்வரை காத்திருப்பதில்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு, அது நாள்கணக்கில் நீடித்தாலே போதும். மேற்சொன்ன அறையில் சுவர் 12.6 டிகிரியில் இருந்தாலே அந்த நிலை வந்துவிடுகிறது! தொட்டுப் பார்த்தால் உலர்ந்த சுவர்தான். பூசணத்துக்கோ அது ஈரச் சுவர். பீரோவுக்குப் பின்னால் பூசணம் முதலில் வருவதற்கும் இதுவே காரணம். அறையின் கதகதப்பான காற்று அங்கே புகுந்து வெளியேறுவதில்லை. அந்தச் சுவர்ப்பகுதி மட்டும் குளிர்ந்து கிடக்கிறது.

சரி, தண்ணீரை எப்படித் தேடுவது? முதல் கருவி மூக்கு. ஜெர்மனியில் இதற்கெனப் பழக்கிய நாய்கள்கூட உண்டு. இரண்டாவது, ஈரமானி. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி, அவற்றுக்கு இடையிலுள்ள மின்தடையை அது அளக்கிறது. உலர்ந்த மரத்துக்கும் நனைந்த மரத்துக்கும் மின்தடை பல லட்சம் மடங்கு வேறுபடும். எனவே மரத்தில் இக்கருவி நன்றாக வேலை செய்கிறது. காரைச் சுவரில் கவனம் தேவை. உப்புப் பூத்த சுவரில் சிறிதளவு ஈரமே இருந்தாலும் உப்பு மின்சாரத்தை எளிதில் கடத்திவிடும். கருவி 'மிக ஈரம்' என்று பொய் சொல்லும். அனுபவசாலி அந்த எண்ணை அப்படியே நம்பமாட்டார். அதே சுவரின் உலர்ந்த மூலையிலும் ஒருமுறை குத்திப் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுவார்.

மூன்றாவது, அகச்சிவப்புப் படக்கருவி. இது சுவரை ஊடுருவிப் பூசணத்தைக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படியே மயக்குகின்றன. உண்மையில் அது காட்டுவது சுவர்ப் பரப்பின் வெப்பநிலையை மட்டுமே. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைப் பானையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நனைந்த சுவரும் ஒரு பானைதான். ஆவியாகும் இடம் குளிர்ந்து, படத்தில் இருண்ட திட்டாகத் தெரியும். வெளிக்காற்று புகும் விரிசலும் அப்படியே தெரியும் என்பதால், திட்டு கண்ட இடத்தில் ஈரமானியை வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே சுவரில் சிறு துளையிட்டு, குழல் போன்ற கருவியை நுழைத்து உள்ளே பார்ப்பார்கள்.

அடுத்தது காற்றுச் சோதனை. பொதுமக்கள் காசு கொடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பரிசோதகர் ஒரு சிறு பம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிடம், அதாவது 75 லிட்டர் காற்றை, குறுகிய பிளவு ஒன்றின் வழியாக இழுக்கிறார். பிளவுக்கு நேர் எதிரே பசை தடவிய கண்ணாடித் தகடு. காற்று தகட்டின் அருகே வந்ததும் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும். ஸ்போரால் அப்படித் திரும்ப முடிவதில்லை. பேருந்து வளைவில் திரும்பும்போது நீங்கள் நேரே போக முயன்று ஓரத்தில் இடித்துக்கொள்கிறீர்களே, அதே நிலைமம்தான். ஸ்போர் போய்ப் பசையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள்.

பம்பு எதற்கு, ஒரு தட்டைத் திறந்து வைத்தால் வித்துகள் தாமாக விழாதா என்று கேட்கலாம். அப்படிப்பட்ட மலிவான சோதனைத் தட்டுகளும் விற்கப்படுகின்றன. ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 3 மைக்ரான் விட்டமுள்ள ஸ்போர் அசைவற்ற காற்றில் விநாடிக்குக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே விழும். 2 மீட்டர் இறங்க ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். 10 மைக்ரான் ஸ்போரோ 11 நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். முற்றுத் திசைவேகம் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் வந்த வேறுபாடு இது. ஆகவே திறந்த தட்டு பருமனானவற்றைப் பிடித்து, நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்ணியவற்றைத் தவறவிடுகிறது.

பம்பு பிடித்தவற்றை எண்ணியாயிற்று. இப்போது அறிக்கை வருகிறது: 'வீட்டுக்குள் கன மீட்டருக்கு 267, வெளியே 200'. வீட்டுக்காரர் பதறுகிறார். நாம் பதறாமல் பின்னோக்கிக் கணக்கிடுவோம். இழுத்தது 75 லிட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். எனவே தகட்டில் இருந்த ஒவ்வொரு ஸ்போரும் அறிக்கையில் 13 ஆகப் பெருகியிருக்கிறது. உண்மையில் எண்ணியவை உள்ளே 20, வெளியே 15. தற்செயலாக விழும் பொருள்களை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இயல்பு. 20, 15 ஆகியவற்றின் வேறுபாட்டில் இருக்கக்கூடிய தற்செயல் ஏற்றத்தாழ்வு 35-இன் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 6. நாம் கண்ட வேறுபாடோ 5! இந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை. கதவைத் திறந்து மூடினாலும், ஒருவர் படுக்கையை உதறினாலும் எண்ணிக்கை இதைவிட மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்னும் கரும்பூசணத்தின் ஸ்போர்கள் ஈரமாக இருக்கும்போது பிசினில் ஒட்டிக் கிடக்கும்; காற்றில் எளிதில் எழாது. சுவருக்குள் அது மண்டிக் கிடந்தாலும் காற்றுச் சோதனை 'இல்லை' என்று சொல்லக்கூடும். 'இவ்வளவு ஸ்போருக்கு மேல் ஆபத்து' என்னும் வரம்பெண் எதையும் உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் தரவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அப்படி வரம்பு எதையும் விதித்ததில்லை.

எண்ணும் முறையில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1994 நவம்பரில் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள், நுரையீரலில் இரத்தக்கசிவோடு வந்த 8 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்துக்குத் தெரிவித்தார்கள். அடுத்த மாதம் மேலும் இருவர். அவர்களுடைய வீடுகளில் நீர்க்கசிவும் வெள்ளச் சேதமும் மிகுந்திருந்தன. நோயுற்ற குழந்தைகளின் வீடுகளையும் நலமாயிருந்த குழந்தைகளின் வீடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், ஸ்டாக்கிபோட்ரிஸ் காரணமாக இருக்கலாம் என்றார்கள். 1997-இல் முடிவு அச்சானது. கரும்பூசணம் என்றாலே மக்கள் அஞ்சத் தொடங்கினார்கள்.

பிறகு வேறு அறிஞர்கள் அந்த ஆய்வை மறுபடி பார்த்தார்கள். காற்றைச் சேகரிக்கும் முன் கம்பளங்களைத் தூசி உறிஞ்சியால் இழுத்திருந்தார்கள். வெப்பக்காற்றுக் குழாய்களைத் தட்டியிருந்தார்கள். அப்படிக் கிளறினால் ஸ்போர் எழத்தானே செய்யும்? எவ்வளவு பலமாகத் தட்டினார்கள் என்பதற்கு அளவுகோல் இல்லை. நோயுற்ற வீடுகளில் எடுத்த காற்று மாதிரிகள் மற்ற வீடுகளைப்போல் இரு மடங்கு. எது நோயுற்ற வீடு என்பது மாதிரி எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கவும் கூடும். கூடுதலாகத் தேடினால் கூடுதலாகக் கிடைப்பது இயல்புதானே! 2000 மார்ச்சில் அதே மையம், பூசணத்துக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று தன் இதழிலேயே வெளியிட்டது. தன் பிழையைத் தானே அச்சிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். பூசணம் தீங்கற்றது என்று அது சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஈரமான வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் இருமலும் மிகுதி என்பது பல ஆய்வுகளில் உறுதியானது.

சோதனையே தேவைப்படாத இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் ஒரு வாடகைக் குடியிருப்பின் சுவர்களில் பூசணம் வெளிப்படையாகவே படர்ந்திருந்தது. 2017-லேயே தந்தை முறையிட்டார். மேலே வண்ணம் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அவருடைய 2 வயதுக் குழந்தை இறந்தது. வீட்டிலிருந்த பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் நேர்ந்த மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி கூறினார். இத்தகைய புகாரைக் குறித்த காலத்துக்குள் கவனிக்க வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்தது. அது அக்குழந்தையின் பெயரால் வழங்குகிறது. அங்கே எந்தப் பம்பும் வேண்டியிருக்கவில்லை.

இனி நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று. உங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் தெரிகிறதா? அங்கே வெள்ளையாகப் பூத்திருந்தால் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு, பூசணம் அன்று. கறுப்பும் பச்சையுமாக இருந்தால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டவேண்டாம். நனைத்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்தை ஒரு நாள் உலரவிட்டு, ஒரு சாண் சதுர அலுமினியத் தாளை நான்கு விளிம்புகளிலும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டுங்கள். ஓதமில்லாத வேறு சுவரிலும் அதேபோல் ஒன்றை ஒட்டத் தவறாதீர்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிமுகத்தில் ஈரம் இருந்தால் அது அறைக் காற்றிலிருந்து வந்த நீராவி. சன்னலைத் திறந்து வைத்தால் குறையும். வெளிமுகம் உலர்ந்து உள்முகத்தில் துளிகள் இருந்தால், நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது கூப்பிட வேண்டியவர் வெள்ளையடிப்பவர் அல்லர். குழாய் வேலை செய்பவரோ கொத்தனாரோதான்.