பட்டாளத்தில் இருந்தவர் வீட்டுக்கு மாநில அரசின் உதவிகள்: கேட்டால்தான் கிடைக்கும்



நம் மஹல்லாவிலும் சுற்றுவட்டாரத்திலும் தரைப்படை, கடற்படை, விமானப்படைகளில் பணியாற்றி ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். "பட்டாளத்தார் வீடு" என்று தெருவே அடையாளம் சொல்லும். மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது என்பதும் தெரிந்ததே. ஆனால் அந்த ஓய்வூதியத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன.

மகளின் படிப்புக்கோ திருமணத்துக்கோ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பத்தில் "தந்தை முன்னாள் ராணுவ வீரர்" என்ற வரியைப் பார்த்தால், நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா?" இல்லை என்ற பதிலே அடிக்கடி வருகிறது. சிலருக்கு அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், ஆனால் "அரசாங்கத்திடம் போய்க் கையேந்துவதா?" என்ற கூச்சம். இந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. இளமையை எல்லையில் கழித்தவருக்கு அரசு ஒதுக்கி வைத்திருப்பது அது. தானம் அல்ல, உழைத்துப் பெற்ற உரிமை. அதை அவர் கேட்டுப் பெற்றால், நம் ஜகாத், ஸதகா நிதி வேறு வழியே இல்லாத ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே இந்த இதழில் தமிழ்நாட்டில் உள்ள உதவிகளையும், அவற்றைப் பெறும் வழியையும் வரிசையாகப் பார்ப்போம்.

முன்னாள் படைவீரர் என்பவர் யார்?

முப்படைகளில் எந்தப் பதவியிலும் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் விலகியவர் முன்னாள் படைவீரர். பணியால் ஏற்பட்ட உடல் ஊனம் அல்லது நோய் காரணமாக விடுவிக்கப்பட்டவரும், ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவரும் இதில் அடங்குவர். ஓய்வூதியத் தகுதி வருமுன் தாமாகக் கேட்டு விலகியவர் பொதுவாக இதில் வரமாட்டார்.

மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றில் இருந்தவர்கள் இந்த வரையறைக்குள் வருவதில்லை. அவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் கீழ் தனி ஏற்பாடு உண்டு.

அக்னிவீர் திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்த்துள்ள பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்து வெளியே வருபவருக்கு ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் தகுதியும் கிடையாது. சேவா நிதி என்ற மொத்தத் தொகையே கிடைக்கும். எனவே கீழே சொல்லப்படும் உதவிகளை நம்பி அவர்கள் திட்டமிடக் கூடாது.

எங்கே போக வேண்டும்?

மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை என்றே தனித் துறை உள்ளது. மாவட்டங்களில் அதன் அலுவலகத்துக்கு உதவி இயக்குநர் பொறுப்பாக இருக்கிறார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று கேட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

முதல் வேலை, அங்கே பதிவு செய்து அடையாள அட்டை பெறுவது. படைவீரர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய மனைவி தம் பெயரில் அட்டை பெறலாம். இந்த அட்டை இல்லாமல் அடுத்த எந்தக் கதவும் திறக்காது.

மாநில அரசு தருபவை

கல்வி: முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளுக்கான மாநிலக் கலந்தாய்விலும், மருத்துவப் படிப்பிலும் அவர்களுக்குச் சிறப்பு ஒதுக்கீடு இருக்கிறது. இதற்கு உதவி இயக்குநரிடம் சார்ந்தோர் சான்று வாங்க வேண்டும். பொறியியலில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு சான்றுக்கு அலைந்தால் காலம் கடந்துவிடலாம். பிள்ளை பிளஸ் டூ தேர்வு எழுதும்போதே சான்றைக் கையில் வைத்திருங்கள்.

வேலை: தமிழ்நாடு அரசுப் பணியில் 'சி' பிரிவு இடங்களில் 5 விழுக்காடு முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு. வயது வரம்பிலும் சலுகை உண்டு. பொதுப்பிரிவினருக்கு 50 வயது வரையும், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் உள்ளிட்ட இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 55 வயது வரையும் தேர்வாணையம் அனுமதிக்கிறது. ஆகவே லப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையது போன்ற பிரிவைச் சேர்ந்தவர் சாதிச் சான்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும். ஒருமுறை இந்தச் சலுகையில் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு அதே சலுகையைக் கேட்க முடியாது. எந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துவது என்று யோசித்துச் செய்யுங்கள்.

மத்திய அரசின் 'சி' பிரிவில் இந்த ஒதுக்கீடு 10 விழுக்காடு. வங்கிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் 14.5 விழுக்காடு. காவலர், ஓட்டுநர் போன்ற பணிகளுக்கு 1986-இல் மாநில அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் ஆட்களை எடுக்கிறது. நாற்பது வயதில் ஊர் திரும்பி, வளைகுடா விசாவுக்குக் கடன் வாங்க நினைப்பவர், அதற்கு முன் இந்த வழிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

தொழில்: 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு ஏற்பாடு உண்டு. அதில் 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். வட்டி மானியம் போக மீதி வட்டி கடன் வாங்கியவர் தலையில்தான். நமக்கு இது சாதாரண விஷயம் அல்ல. ஆகவே கணக்கை முழுமையாகக் கேட்டறிந்து, உங்கள் ஆலிமிடமும் ஆலோசித்து முடிவெடுங்கள்.

நோயும் இறப்பும்: புற்றுநோய், பக்கவாதம், காசநோய், தொழுநோய், பார்வையிழப்பு போன்ற நிலையில் உள்ள முன்னாள் படைவீரருக்கும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளை உள்ள குடும்பத்துக்கும் துறையின் நிதியிலிருந்து உதவி உண்டு. திருமண உதவி, ஈமச்சடங்கு உதவி ஆகியவையும் உண்டு. தொகைகள் அரசாணைக்கு அரசாணை மாறும். பக்கத்து வீட்டார் சொன்ன பழைய தொகையை நம்பாமல், அன்றைய நிலவரத்தை அலுவலகத்தில் கேளுங்கள். 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று நாம் கொடிநாள் உண்டியலில் போடும் காசும் இவர்களுடைய நலனுக்குத்தான் போகிறது.

அதே அலுவலகத்தின் வழியாக மத்திய உதவிகள்

கேந்திரிய சைனிக் போர்டு தரும் உதவிகளுக்கும் மாவட்ட அலுவலகமே பரிந்துரை செய்கிறது. ஹவில்தார் நிலைவரை இருந்தவர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் இவை முக்கியமானவை. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு இந்தத் தொகைகள் இரட்டிப்பாகியுள்ளன.

ஓய்வூதியமே இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் படைவீரருக்கோ அவருடைய கைம்பெண்ணுக்கோ வறுமை உதவியாக மாதம் 8,000 ரூபாய். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை இரண்டு பிள்ளைகளுக்குத் தலா மாதம் 2,000 ரூபாய். மகள் திருமணத்துக்கு, இரண்டு மகள்கள் வரை, தலா 1,00,000 ரூபாய். திருமண உதவிக்கு நிகாஹ் நடந்த 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணக் களைப்பு தீரட்டும் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டால் தொகை கைவிட்டுப் போகும்.

தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500 ரூபாய். பிளஸ் டூவில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்.

பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்

இவ்வளவு இருந்தும் நம் குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது பெயர்.

ஊரில் எஸ். அப்துல் காதர் என்பவர், படை ஆவணத்தில் ஷேக் அப்துல் காதர் ஆகியிருப்பார். மனைவி ஆதாரில் பாத்திமா பீவி, படை ஆவணத்தில் பாத்திமா பேகம், ரேஷன் அட்டையில் வெறும் பாத்திமா. முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுகிறோம். நமக்கு எல்லாம் ஒருவர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அவை வேறு வேறு ஆட்கள்.

கணவர் உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்வது எளிது. அவர் தம் ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு அலுவலகத்துக்கு எழுதி, திருத்தம் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. அவர் மௌத்தான பிறகு, "நான்தான் அவர் மனைவி" என்று நிரூபிக்கும் சுமை முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. குடும்ப ஓய்வூதியம், இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி, மேலே சொன்ன மாநில உதவிகள் அத்தனையும் அந்த ஒரு பெயரில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஓய்வுக்குப் பிறகு நடந்த திருமணமும், ஓய்வுக்குப் பிறகு பிறந்த குழந்தையும் ஆவணத்தில் தாமாக ஏறிவிடாது. நாம்தான் ஏற்ற வேண்டும்.

நிகாஹ் பற்றியும் ஒரு வார்த்தை. ஜமாஅத் தஃப்தரில் எழுதியிருப்பது நமக்குப் போதும். ஆனால் 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தினரும் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம். ஜமாஅத் சான்றையும் அரசுப் பதிவையும் சேர்த்து வைத்திருக்கும் பெண்ணை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

தலாக் அல்லது குலா ஆன மகளும், கணவரை இழந்த மகளும், திருமணமாகாத மகளும் வருமான வரம்புக்கு உட்பட்டு 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறலாம். பிரிவு நடந்ததற்கு முறையான ஆவணம் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக முடிந்த பிரிவு அந்த மகளுக்கு இங்கே உதவாது.

இத்தாவில் இருக்கும் சகோதரிக்காக

கணவர் இறந்தபின் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறார். அதுவரை காகிதங்களும் காத்திருக்கட்டும் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. இறப்புச் சான்று வாங்குவது, ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தகவல் தருவது, மாவட்ட அலுவலகத்தில் படிவம் வாங்கி வருவது ஆகியவற்றை மகனோ சகோதரனோ தொடங்கலாம். கையெழுத்து தேவையான இடத்தில் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம். மௌத்து வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவது போல, இதையும் உறவினர் தங்கள் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

வீட்டில் ஒரு கோப்பில் இவற்றை வைத்திருங்கள்:

1. டிஸ்சார்ஜ் புக் என்று சொல்லப்படும் படைவிலகல் சான்று
2. ஓய்வூதிய ஆணை
3. முன்னாள் படைவீரர் அடையாள அட்டை
4. கணவன், மனைவி, பிள்ளைகளின் ஆதார்
5. நிகாஹ் சான்றும் திருமணப் பதிவுச் சான்றும்
6. பிள்ளைகளின் பிறப்புச் சான்று, படிப்புச் சான்றுகள்
7. சாதிச் சான்று
8. வங்கிக் கணக்குப் புத்தகம்

ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த தேதி ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் காட்டி வையுங்கள். பீரோ சாவி எங்கே என்று அவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

விண்ணப்பிக்க இடைத்தரகர் வேண்டாம். "முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் அசல் சான்றுகளைக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் தேங்கிவிட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையில் முன்னாள் படைவீரருக்கென நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், தனியாகப் போகத் தயங்கும் சகோதரிகள் கோப்புடன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் படித்துப் பார்த்து, நிரப்பித் தந்து, தேவைப்பட்டால் மாவட்ட அலுவலகத்துக்கும் உடன் வருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் தெருவில் ஒரு பட்டாளத்தார் வீடு இருந்து, அங்கே இந்த இதழ் போகவில்லை என்றால், படித்து முடித்ததும் இந்தப் பிரதியை அங்கே கொடுத்துவிடுங்கள்.