திறப்பு விழாவோடு முடியாத தர்மம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



பிழைப்புக்காக வெளியூர் போனவர் குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறார். அது அவர் மீது கடமை. பிறந்த ஊருக்கு அவர் என்ன செய்யலாம்? மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் சோனின்கே முஸ்லிம்களிடம் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

இவர்கள் செனகல் ஆற்றை ஒட்டிய காயெஸ் வட்டாரத்துக்காரர்கள். வெயில் கொளுத்தும் பூமி. மழையை நம்பிய விவசாயம். முற்காலத்தில் மழைக்காலம் வந்தால் ஆண்கள் செனகல், காம்பியா பகுதிகளின் கடலை வயல்களுக்குப் போவார்கள். வாரத்தில் சில நாட்கள் நிலக்காரருக்கு உழைப்பு. மற்ற நாட்களில் அவர் கொடுத்த துண்டு நிலத்தில் சொந்த விளைச்சல். அறுவடையை விற்றுவிட்டு ஊர் திரும்புவார்கள்.

1960களில் இந்தப் பயணம் பிரான்ஸ் வரை நீண்டது. தொழிற்சாலை வேலை, தெருக் கூட்டும் வேலை. தொழிலாளர் விடுதிகளில் ஒரே அறையில் பலர். சில வருடம் உழைத்து அண்ணன் ஊர் திரும்ப, அந்த இடத்துக்குத் தம்பி வருவான்.

அந்த நெருக்கடியிலும் ஊருக்கு ஒரு பொது நிதி வைத்தார்கள். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகை போட வேண்டும். நோயாளிக்கு உதவவும், மவ்த்தானவரின் ஜனாஸாவை ஊர் அனுப்பவும் முதலில் அது பயன்பட்டது. பிறகு ஊரில் பள்ளிவாசல் கட்டினார்கள். அடுத்து கிணறு, மருந்தகம், பள்ளிக்கூடம்.

சகோதரர்களே! இதைப் படிக்கும்போது யமனிலிருந்து வந்த அஷ்அரீ கூட்டத்தார் நினைவுக்கு வருகிறார்கள். உணவு குறைந்தால் இருப்பதை எல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அங்கே யாரும் "நான் அதிகம் போட்டேன்" என்று கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால் காயெஸில் ஒரு சோதனையும் வந்தது. சில ஊர்களில் மருந்தகக் கட்டடம் எழும்பியது, செவிலியர் வரவில்லை. பள்ளிக்கூடம் நின்றது; ஆசிரியர் இல்லை. அரசிடம் முன்கூட்டியே பேசி உறுதி பெறாததே காரணம். வியர்வை சிந்திய பணம் பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடந்தது. கட்டுவதற்கு மட்டும் வசூலித்தால் போதாது, நடத்துவதற்கும் ஏற்பாடு வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு கூட்டத்தார் வேறு வழி எடுத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் கடும் பஞ்சம் சாஹல் பகுதியைத் தாக்கியது. பிரான்ஸிலிருந்த தொழிலாளர்கள் சிலர் அங்குள்ள பண்ணைகளில் விவசாயம் பழகினார்கள். 1977ல் ஆப்பிரிக்கா திரும்பி, காயெஸுக்கு அருகே ஆற்றங்கரையில் சோமன்கிடி கூரா என்ற கூட்டுறவுப் பண்ணையை அமைத்தார்கள். ஆற்று நீரைப் பாய்ச்சிப் பயிர் செய்தார்கள். சேமிப்போடு, தொழில் தெரிந்த கைகளும் ஊர் வந்து சேர்ந்தன.

மனிதன் இறந்த பிறகும் நன்மை தொடரும் மூன்று வழிகளை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அவற்றில் ஒன்று ஸதகத்துல் ஜாரியா, அதாவது ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம். தண்ணீர் மோட்டார் பழுதாகி ஆறு மாதம் கிடந்தால் அங்கே எது ஓடுகிறது? யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்களிலும் வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் ஆம்புலன்ஸுக்கும் ஜனாஸா குளிர்பெட்டிக்கும் பணம் அனுப்புகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! வசூலிக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது ஊருக்குத் தேவை என்று ஊரில் இருக்கும் பெண்களிடமும் முதியவர்களிடமும் கேட்டோமா? இதை இயக்குபவர் யார்? டீசலுக்கும் உதிரி பாகத்துக்கும் மாதாமாதம் பணம் எங்கிருந்து வரும்? வெளிநாட்டில் யாரும் இல்லாத ஏழை வீட்டுக்கும் இது தயங்காமல் கிடைக்குமா?

அங்கே ஒருவர் வெயிலில் நின்று சம்பாதித்தது அமானிதம். இங்கே பொறுப்பில் இருப்பவர் அதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டும். வாங்கிய பொருளுக்கு ரசீதும், வருடம் ஒருமுறை ஜமாஅத் முன்னிலையில் கணக்கும் இருக்கட்டும்.

தூர தேசத்தில் உழைப்பவர்களின் ரிஸ்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்கள் கொடுத்ததை வீணாக்காமல் பேணும் பொறுப்புணர்வை நமக்குத் தருவானாக! ஆமீன்.