மறைக்கத்தக்கதும் மறைக்கலாகாததும்

அரசியல் தலைவர் ஒருவரது தனிவாழ்வின் இழுக்குச் செய்தியாக வெளிவந்தால், மாலைக்குள் அது நம் இல்லங்களிலும் பேச்சுப் பொருளாகிவிடுகிறது. "அது அவருடைய சொந்த விஷயம், நமக்கென்ன?" என்பார் ஒருவர். "தன்னை ஆளத் தெரியாதவர் நாட்டை எவ்வாறு ஆள்வார்?" என்பார் மற்றொருவர். குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இல்லறத்தாராகிய நாம் இதனை எவ்வாறு நோக்க வேண்டும்? விருப்பு வெறுப்பின்றி ஆராய்வதற்காகப் பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

நிகழ்ச்சி

இங்கிலாந்தில் மாக்மில்லன் பிரதமராக இருந்தபோது போர்த்துறை அமைச்சராக விளங்கியவர் ஜான் புரொபியூமோ. மணமானவராகிய அவர், 1961ஆம் ஆண்டில் கிறிஸ்டின் கீலர் என்னும் 19 வயதுப் பெண்ணுடன் தகாத உறவு கொண்டார். அப்பெண்ணுக்கு இலண்டனிலிருந்த சோவியத் தூதரகக் கடற்படை அதிகாரி ஒருவருடனும் பழக்கம் இருந்தது. 1963 மார்ச் 22 அன்று, அப்பழக்கத்தில் தவறேதும் இல்லை என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஜூன் 5 அன்று, தாம் உரைத்தது பொய் என ஒப்புக்கொண்டு பதவி விலகினார். இதனை விசாரித்த டென்னிங் பிரபு, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு நேரவில்லை என்று அறிக்கை அளித்தார்.

கேடு நேரவில்லை எனில், அவர் பதவி இழந்தது மிகையன்றோ எனலாம். அன்று. அவரை வீழ்த்தியது பிரமசரிய அணுவிரதத்தின் மீறல் மட்டுமன்று. உண்மையை அறிய உரிமையுடைய அவையில் உரைத்த பொய்யே ஆகும்.

அறநூல் காட்டும் வழி

வாய்மை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. பிறருடைய மறைவான செயல்களை வெளியிடுதல் அவற்றுள் ஒன்று. பிறருக்குக் கேடு தருவதாயின் உண்மையையும் உரையாதிருத்தல் நன்று என்பார் சமந்தபத்திர ஆசாரியர். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகிய உபகூகனமும், பிறர் குற்றத்தைத் தூற்றாது மறைத்தலையே வற்புறுத்துகிறது.

அங்ஙனமாயின், ஆட்சியாளரின் குற்றங்களையெல்லாம் மூடி மறைக்க வேண்டுமோ? உபகூகனத்திற்குச் சான்றாக விளங்கும் ஜினேந்திரபக்தரின் கதை இதற்கு விடை தருகிறது. தாமிரலிப்தி நகர வணிகராகிய அவருடைய சைத்தியாலயத்தில், பார்சுவநாதர் திருவுருவின் மேலிருந்த குடையில் வைடூரியம் ஒன்று இருந்தது. துறவு வேடம் பூண்ட கள்வன் அதனைக் கவர்ந்தோடிப் பிடிபட்டான். உண்மைத் துறவியருக்கும் பழி வந்துவிடுமே என்று அஞ்சிய வணிகர், "நான் சொல்லித்தான் கொண்டுவந்தார்" என்று காவலரை விலக்கினார். பின்பு தனிமையில் அவனைக் கடிந்து வெளியேற்றினார்.

வணிகர் சொன்னதும் பொய்யல்லவா என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். அவர் தமக்காக மறைக்கவில்லை. தமக்கு வந்த இழப்பைப் பொறுத்துப் பிறர் பழியை நீக்கினார். அமைச்சரோ தம்மைக் காத்துக்கொள்ள ஊரை ஏமாற்றினார். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வணிகர் கள்வனின் மானத்தைக் காத்தார். ஆயின் மணியை அவன் காவலில் மீண்டும் விடவில்லை. பொதுப்பதவியும் அத்தகைய மணியே. மனிதரைத் தூற்றாதிருப்பது நம் விரதம். மணியைத் தகாதவரிடம் ஒப்படைக்காதிருப்பது நம் கடமை.

பதவியின் வலிமையைக் காட்டிப் பிறரை வருத்தியிருப்பின், அது தனிவாழ்வே அன்று, இம்சை. அங்கு மௌனம் அறமாகாது.

தூற்றலின் விளைவு

இந்நிகழ்ச்சியில் ஊராரின் வாய்க்கு இரையானவர்கள் பலர். கீலரையும் அமைச்சரையும் அறிமுகப்படுத்திய ஸ்டீபன் வார்டு, தம்மீதான வழக்கின் இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2017இல் இறக்கும்வரை கீலரைப் பழிச்சொல் தொடர்ந்தது. புரொபியூமோவோ அரசியலுக்குத் திரும்பவில்லை. கிழக்கு இலண்டனில் ஏழைகளுக்குத் தொண்டாற்றும் டாயின்பீ இல்லத்தில் எளிய பணிகளில் தொடங்கி, 2006இல் மறையும்வரை பல்லாண்டுகள் உழைத்தார். நம் மரபு இதனைப் பிராயச்சித்தம் என்றே கொள்ளும். தவறியவர் மீண்டும் நிலைபெற வழியுண்டு. ஆனால் அவ்வழி பதவியின் வழியாகவே செல்ல வேண்டுவதில்லை.

இல்லத்தில் சிந்திக்க

1. அவர் செய்த தவறு, அவரிடம் ஒப்படைத்த பணியைத் தொட்டதா?
2. அதனை மறைக்கப் பொய்யோ, பொதுப் பொருளோ, அதிகாரமோ பயன்பட்டதா?
3. அதனால் எவரேனும் துன்புற்றனரா?
4. நாம் அதைப் பேசுவது ஊர் நன்மைக்கா, நாவின் சுவைக்கா?

முதல் மூன்றுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று விடை வரின், வாக்களிக்கும்போது அதனை மறவாதிருப்போம். மூன்றுக்கும் 'இல்லை' எனின், செய்தித்தாளை மடித்து வைப்போம். நான்காவது வினாவை நாள்தோறும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.