பிள்ளையின் பதிலைப் பிள்ளையிடம் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

தேர்வாய் கண்டிகைக் கணக்கெடுப்புக்கு நீ எழுதிய வினாப்படிவத்தைப் படித்தேன். கேள்விகளில் குறையில்லை. பதில் சொல்பவர் யார் என்பதில்தான் எனக்குக் கவலை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் குடும்பத் தலைவரே பதில் சொல்லும்படி வைத்திருக்கிறாய். பிழைக்க வந்தவர்களின் வீட்டில் இது சரிப்படாது.

ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வழக்கம். அப்படிப் பார்த்தால், சிப்காட் தொழிற்பூங்காவை ஒட்டிய லைன் வீட்டில் சேர்ந்து சமைக்கும் ஆறு பீகார் பையன்கள் ஒரு குடும்பம், மூத்தவன் தலைவன். பத்தொன்பது வயதுக்காரனின் கூலியில் எவ்வளவு பிடித்தம், பள்ளியை ஏன் விட்டான் என்பதை அந்த மூத்தவன் எப்படிச் சொல்வான்? அவனை ஊரிலிருந்து கூட்டிவந்தவனே இவனாக இருந்தால், சொல்லவும் மாட்டான். இளையவன் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறான் என்றால், வார விடுமுறையில் மறுபடி போ. இந்தி தெரிந்தவரை உடன் அழைத்துப் போ. குடும்பத்தோடு வந்தவர்கள் வீட்டில், தமிழ்ப் பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதே. அப்பாவின் கடனை அந்தப் பிள்ளை வாயால் சொல்ல நேரும்.

பிறந்த இடத்தை வைத்துப் புலம்பெயர்ந்தவர் யார் என்று முடிவுகட்டாதே. தலைப்பிரசவத்துக்குத் தாய் பிறந்த வீடு போயிருப்பாள். அடுத்தது கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையில் நடந்திருக்கும். உன் கணக்கில் அண்ணன் வெளியூர்க்காரன், தம்பி உள்ளூர்க்காரன். இருவரும் வளர்ந்தது ஒரே தெருவில்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வருகின்றன. மழை ஓய்ந்தபின் வந்து, கோடை முடிய ஊர் திரும்புகிறவர்கள். ஆகஸ்டில் போனால் யாரைக் கேட்பாய்? மேஸ்திரி பக்கத்தில் நின்றால், கல் திருப்பிப் போடும் சிறுவனுக்கும் வயது பதினெட்டு ஆகிவிடும். ஒடியாப் பாடநூல்களோடு சூளைப் பள்ளிகள் நடந்த மாவட்டம் இது. அந்தப் பிள்ளைகள் எந்த மொழியில் எழுதப் படிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி சேர்.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இன்னும் கவனமாக இரு. அங்கே பிறந்த ஆண்டுக்குச் சட்டத்தின் எடை உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் போய்த்தான் 2022-இல் இந்தியக் கடவுச்சீட்டுக்கு வழி பெற்றார். ஆகவே பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே தாளில் எழுதாதே. திரும்பிப் போவீர்களா என்ற கேள்விக்குப் பாட்டி சொல்வது பேத்தியின் பதில் ஆகாது. பேத்தியைத் தனியாகக் கேள். பதில் சொல்ல மறுத்தால் விட்டுவிடு.

தேர்வாய் கண்டிகைக்காரர்களையும் விட்டுவிடாதே. ஆடுமாடு மேய்ந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பொது நிலம் தொழிற்பூங்காவுக்குப் போகக்கூடாது என்று போராடிய ஊர் அது. மிஷெலின் டயர் ஆலை நிற்பது அந்தப் பூங்காவில்தான். வடக்கிலிருந்து வந்த பையனிடம் கேட்கும் அதே கேள்விகளை, வேலை தேடி வெளியே போன அந்த ஊர்ப் பையனிடமும் கேள். இல்லையென்றால் வேலை பறித்தவன், பறிகொடுத்தவன் என்று உன் அறிக்கையை வைத்தே யாராவது பேசுவார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் கிளப்பிய பீதியில் எத்தனை தொழிலாளர்கள் ரயிலேறினார்கள் என்பது உனக்குத் தெரியும்.

பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தாள் வைத்து, படிவத்தை மாற்றி அனுப்பு. வீடுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்