ஆங்கிலம் எடுக்க வருகிறவர்களுக்கு

சர்வதேசப் பள்ளியில் ஆங்கில வேலை கிடைத்தது என்று காட்பாடி வீட்டுக்கு வந்து யோசனை கேட்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிட்டேன். 1976-இல் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் இந்தியாவில் முதலில் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்கிற ஐ.பி. பாடத்திட்டத்தை எடுத்தது. மலைமேல் இருந்த அந்தப் படிப்பு இன்று சமவெளிக்கும் இறங்கிவிட்டது.

1. நோட்ஸ் எழுதிப் போடாதீர்கள். கோனார் உரையில் வளர்ந்த நமக்குக் கை அரிக்கும், தெரியும். ஆனால் ஐ.பி. முதல் தாளில் வருவது பிள்ளைகள் முன்பின் பார்த்திராத பகுதி. "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று வருஷம் முழுக்கக் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்களாக வாயைத் திறக்காதீர்கள்.

2. மொழியும் இலக்கியமும் சேர்ந்த பாடத்தில் விளம்பரம், தலையங்கம், மேடைப்பேச்சு எல்லாமே வாசிப்புக்கு உரியவை. அதற்காக லண்டன் பத்திரிகைகளைத் துழாவ வேண்டாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தந்த தீர்ப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தோல் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்த கதை அது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று. தோல் தொழில் தரும் அந்நியச் செலாவணியையும் வேலையையும் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகுதான் நீதிபதி மறுபக்கம் திரும்புகிறார். அந்தத் திருப்பம் எந்த வாக்கியத்தில் நடக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பிறகு தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் விளம்பரப் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். கழிவு 'வெளியேற்றப்பட்டது' என்கிறபோது வெளியேற்றியவர் எங்கே ஒளிந்துகொண்டார்? இலக்கணம் தானாகவே வகுப்புக்குள் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆம்பூர் தோல் ஷாப் முதலாளியின் மகனும், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன தோப்புக்காரரின் பேத்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். தீர்ப்பு சரியா தவறா என்பதை மதிய உணவு நேரத்தில் சண்டை போட்டுக்கொள்ளட்டும். வகுப்பில் அது எழுதப்பட்ட விதத்தை மட்டும் பேசுங்கள்.

3. உச்சரிப்பை விட்டுத் தள்ளுங்கள்.

4. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகள் பலர் வீட்டில் உருது பேசுவார்கள். சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு. இதைக் குறையென்று நினைக்கிற ஆசிரியர்கள்தான் அதிகம். எனக்கு அது கோபம் வரவழைக்கும். ஐ.பி.யில் மொழிபெயர்ப்பு நூல்களுக்கு இடம் உண்டு. உருது எழுத்தாளர் மண்ட்டோவை எடுங்கள், உருதுப் பிள்ளை அன்றைக்கு உங்களுக்கே பாடம் நடத்துவான். ஏ.கே. ராமானுஜன் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூலை எடுங்கள். அவர் எதை விட்டார், எங்கே வரியை உடைத்தார் என்று தமிழ்ப் பிள்ளைகள் மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

5. வாய்மொழித் தேர்வில் பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. கையில் பத்துக் குறிப்புகளுக்கு மேல் இருக்கக்கூடாது. நம் பிள்ளைகள் முழுதையும் மனப்பாடம் செய்துவந்து ஒப்பிப்பார்கள், கேள்வி வந்ததும் உறைந்துபோவார்கள். ஒத்திகையில் நடுவிலேயே நிறுத்தி வேறு இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள். முதல் மாதம் முறைப்பார்கள்.

6. பெற்றோர் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். ஏழுக்கு ஐந்து என்றால் "எழுபது சதவீதம்தானா?" என்று முகம் சுளிப்பார்கள். ஐ.பி. மதிப்பெண் சதவீதமல்ல; ஒவ்வொரு அளவுகோலிலும் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்த்துப் போடுவது. திருத்திய கட்டுரை ஒன்றை மேசைமேல் வைத்து விளக்கினால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேர் தலைமையாசிரியரிடம் போவார்கள், போகட்டும்.

7. கையெழுத்துப் போடுவதற்கு முன் நூலகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடி அலமாரி பளபளக்கும், அதில் மயங்க வேண்டாம். இரவல் பதிவேட்டைக் கேளுங்கள். போன மாதம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப்போன கதைப் புத்தகங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு, சம்பளப் பேச்சைப் பிறகு தொடங்குங்கள்.